லீவு போட ஆபீசுக்கு வந்தவர்

எங்கள் நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் என் மேசைக்கு வலப்பக்கம் சிவப்பிரகாசம் சார். இடப்பக்கம் லீலா. நடுவில் நான், முருகேசன். அவருக்கு ஐம்பத்து மூன்று வயது, அவளுக்கு இருபத்திரண்டு. எனக்கு முப்பத்தெட்டு என்பதால் இரண்டு பக்கத்துக் குறைகளும் என் காதில்தான் வந்து விழும். "பாத்தியா முருகேசா" என்று வலப்பக்கம். "பாத்தீங்களா சார்" என்று இடப்பக்கம். நான் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பேரேட்டைப் பார்ப்பேன்.

சிவப்பிரகாசம் சாரின் வேலை, நெசவாளர்கள் கொண்டுவரும் பட்டுச் சேலையைச் சோதித்து வாங்குவது. ஜன்னல் ஓரமாகக் கட்டிய மூங்கில் கழியில் சேலையைப் போட்டு, வெளிச்சத்துக்கு நேரே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு வருவார். எங்காவது ஒரு இழை விட்டிருந்தால் விரல் அங்கே நின்றுவிடும். கண் அதற்குப் பிறகுதான் போய்ச் சேரும்.

சங்கம் பத்து மணிக்குத் திறக்கும். அவர் ஒன்பதுக்கே வந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். ஐந்துக்கு மூடும். அவர் ஆறரைக்குக் கிளம்புவார். இருபத்தாறு வருஷ வேலையில் அவர் எடுத்த லீவு மொத்தம் இரண்டு நாள். அவருடைய அப்பா இறந்தபோது எடுத்தது. பால் தெளித்த கையோடு மூன்றாம் நாள் வந்துவிட்டார்.

"என் கல்யாணத்துக்கே ஞாயித்துக்கிழமை முகூர்த்தமாப் பாருங்கன்னு சொன்னவன் நான்" என்பார். பெருமையாகத்தான் சொல்வார். நாங்களும் பல வருஷம் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

லீலா வந்த பிறகுதான் அது கொஞ்சம் வேடிக்கையாகக் கேட்க ஆரம்பித்தது. எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் மூலம் ஆர்டர் வாங்கி, களம்பூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்துபோகிற பெண். சரியாகப் பத்துக்கு உள்ளே வருவாள். சரியாக ஐந்துக்குப் பேனாவை மூடுவாள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தாள்.

"யாரும்மா தவறிட்டாங்க?" என்று சிவப்பிரகாசம் சார் உண்மையிலேயே பதறிக் கேட்டார்.

"யாரும் தவறல சார். என் சிநேகிதிக்கு வளைகாப்பு."

"வளைகாப்புக்கா?"

"வருஷத்துக்குப் பன்னெண்டு நாள் லீவு இருக்குது சார். சர்க்காரே குடுக்கிறது."

"குடுப்பாங்கம்மா. ஓட்டல்லகூட ஈ ஓட்டுறதுக்கு விசிறி குடுக்கிறான். அதுக்காக விசிறிகினே இருக்க முடியுமா?"

லீலா சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததில் அவருக்குக் கோபம். அன்று முழுவதும் அவர் இழுத்த சேலைகளில் வழக்கத்தைவிட அதிகக் குறை கண்டுபிடித்தார்.

அவள் ஐந்து மணிக்குக் கிளம்புவதுதான் அவருக்கு ஆறவே இல்லை. "தறிக்காரன் சாயங்காலம் வரைக்கும் நெய்ஞ்சு, சேலையைத் தறிலேருந்து அறுத்து எடுத்துகினு அஞ்சரைக்கு வருவான். அஞ்சுக்குப் பேனாவை மூடிட்டா அவன் திரும்பிப் போயி நாளைக்கு மறுபடி வரணும். அவனுக்கு ஒரு நாள் தறி நிக்கும்" என்பார் என்னிடம், அவளுக்குக் கேட்கிற மாதிரி.

"அப்படின்னா ஆபீஸ் நேரத்தைப் பதினொண்ணு டு ஆறுன்னு மாத்தச் சொல்லி எழுதுங்க சார். நான் கையெழுத்துப் போடறேன்" என்பாள் அவளும் என்னிடம், அவருக்குக் கேட்கிற மாதிரி.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் சொன்னதிலும் இருந்தது. நேரத்தை மாற்றச் சொல்லி யாரும் எழுதவில்லை.

1979, ஆடி மாதம் பிறந்து இரண்டாவது வாரம். மத்தியானம் ஒரு மணி இருக்கும். வெள்ளைச் சட்டையோடு நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். என் மேசை மேல் ஒரு டிபன் கேரியர் வந்து உட்கார்ந்தது.

"இந்தாங்க. மோர் தனியா இருக்குது. இன்னைக்காவது சோறு ஆறிப் போறதுக்குள்ள சாப்புடுங்க" என்றார் ஓர் அம்மாள்.

நிமிர்ந்து பார்த்தேன். சிவப்பிரகாசம் சாரின் மனைவி ரேணுகாம்பாள். எனக்கு நன்றாகத் தெரிந்தவர். அவருக்கும் என்னைத் தெரியும். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்தபடி, என்னைத் தன் புருஷன் என்று நினைத்து நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணி, நான் முருகேசன்" என்றேன் மெதுவாக.

"ஐயையோ" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த மேசையிலிருந்து சிவப்பிரகாசம் சார் எழுந்து வந்து கேரியரை எடுத்துக்கொண்டார். சேலைக்குள் ஒரு இழை விட்டிருந்தால் கண்டுபிடிக்கிற மனிதர் அன்று எதையும் பார்க்காதவர் போலச் சுவரைப் பார்த்தார்.

லீலாதான் ஓடிவந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த அம்மாளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பெண்கள் இரண்டு பேர் பேச ஆரம்பித்தால் கால் மணியில் எல்லாம் வெளியே வந்துவிடும். வந்தது.

கண்ணில் புரை. வேலூர் டாக்டர், இன்னும் முத்தட்டும், அப்புறம் ஆபரேஷன் செய்யலாம் என்று சொல்லியிருந்தார். அதைப் பற்றி அந்த அம்மாளுக்கு அவ்வளவு பயமில்லை. அவருடைய கவலை வேறு.

"என் பையன் மணவாளனுக்கு அஞ்சு வயசுல அம்மை வாத்துச்சு. பொழைக்க மாட்டான்னு சொல்லிட்டாங்க. படவேட்டு ரேணுகாம்பாள் அம்மன்கிட்ட வேண்டிகினேன். புள்ளையக் குடுத்துடும்மா, நானும் அவரும் சேந்து ஆடி வெள்ளில வந்து பொங்க வெக்கிறோம்னு. அம்மா குடுத்துட்டா. இப்ப ராணிப்பேட்டைல வேலை பாக்கிறான். பதினெட்டு வருஷம் ஆயிடுச்சு, பொங்கல் இன்னும் வெக்கல."

"ஏம்மா?"

"வெள்ளிக்கிழமை ஆபீஸ் இல்லியா?"

லீலா சிவப்பிரகாசம் சாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மோர்ச் சோற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தடவை சுதந்திர தினமே ஆடி வெள்ளில வந்துச்சும்மா" என்றார் ரேணுகாம்பாள், குறை சொல்கிற குரலில் அல்ல, ஊர்ச் செய்தி சொல்கிற குரலில். "ரெண்டு தடவையும் கொடி ஏத்தப் பூட்டாரு."

"நீங்க மட்டும் போயிட்டு வந்திருக்கலாமே?"

"சேந்து வரோம்னு இல்ல வேண்டிகினேன்? அம்மாகிட்ட சொன்ன சொல்லை மாத்தச் சொல்றியா? எனக்கு ஒண்ணும் இல்ல. ஆபரேஷன்ல கண்ணு வரலாம், வராமலும் போலாம். அடுத்த ஆடிக்கு அவ மொகம் எனக்குத் தெரியுமோ தெரியாதோ. அதான்."

அந்த அம்மாள் போன பிறகு லீலா எழுந்து, ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தாள்.

"எழுதுங்க சார்."

"இன்னாத்த?"

"லீவு லெட்டர்."

சங்கத்தில் எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவர் அவர். முத்து முத்தான கையெழுத்து. பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். அரை மணி கழித்து எட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கம் எழுதியிருந்தார். தான் வேலையில் சேர்ந்த தேதி, அன்றைய செயலாளர் பெயர், அப்பா இறந்தபோது எடுத்த இரண்டு நாளுக்கு இன்னொரு முறை மன்னிப்பு எல்லாம் அதில் இருந்தது. என்றைக்கு லீவு வேண்டும் என்பது மட்டும் இல்லை.

லீலா வாங்கிப் படித்தாள். வாய்க்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள் என்பதை நான் பார்த்தேன்.

"சார், இது லீவு லெட்டர் இல்ல. வாக்குமூலம். ஒரு வரி போதும். 'சொந்த வேலை காரணமாக வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்பு வேண்டும்.' அவ்வளவுதான்."

"சொந்த வேலையா?" அவர் நிஜமாகவே குழம்பினார். "எனக்கு ஏதும்மா சொந்த வேலை? இதானே என் வேலை."

லீலா அவர் எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எங்கப்பா அருணாச்சலம் களம்பூர் ரைஸ் மில்லுல முப்பது வருஷம் வேலை பாத்தாரு சார். ஒரு நாள் லீவு கிடையாது. இதான் என் மில்லுன்னு சொல்லிகினு இருப்பாரு. உடம்பு முடியாம வேலையிலேருந்து நின்ன அன்னைக்குச் சின்ன முதலாளிகிட்ட சொல்லிக்கலாம்னு போனாரு. அவரு நிமிந்து பாத்து, 'உன் பேரு இன்னாய்யா?'ன்னு கேட்டாரு."

சிவப்பிரகாசம் சார் அவளையே பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து அந்த ஒரு வரியை எழுதினார். ஆடி மூன்றாம் வெள்ளி என்று தேதி போட்டார். அதை எடுத்துக்கொண்டு செயலாளர் சக்கரவர்த்தியின் அறைக்கு அவர் நடந்தது, பள்ளிக்கூடத்துப் பையன் தலைமையாசிரியர் அறைக்கு நடக்கிற மாதிரி இருந்தது.

கையில் தாளோடு அவரைப் பார்த்ததும் செயலாளருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ராஜிநாமாவா?"

"இல்லீங்க. லீவு."

"அட, லீவா!" மூச்சு வந்தது செயலாளருக்கு. "உடம்புக்கு இன்னா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தாங்க இருக்குது."

"அப்புறம் எதுக்கு லீவு?"

அதற்குள் லீலா வாசலில் வந்து நின்றாள். "சொந்த வேலைன்னு எழுதியிருக்காருங்க சார். அதுக்கு மேல கேக்கக் கூடாதுங்க." செயலாளர் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் சிவப்பிரகாசம் சார் தன் கத்திரி, அளவுகோல், பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் லீலா மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி.

"நாளைக்கு அஞ்சரைக்கு முள்ளிப்பட்டு ரங்கசாமி வருவாரு. சேலையைத் திருப்பி எடுத்துகினு போவ வெச்சுடாத."

"அஞ்சு மணிக்கு மேல இந்த மேசைல ஆள் இருக்காது சார். முன்னாடியே சொல்லிட்டேன்."

"அஞ்சேகால்?"

"அஞ்சு."

பெருமூச்சு விட்டுக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு நான் ஆபீசுக்குள் நுழைந்தேன். ஊதுபத்தி வாசனை வந்தது. ஜன்னல் ஓரம், நெற்றி நிறைய விபூதியும் புது வேட்டியுமாக, மூங்கில் கழியில் ஒரு மாம்பழக் கலர்ச் சேலையைப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார் சிவப்பிரகாசம் சார்.

"சார்! நீங்க இன்னைக்கு லீவு!"

"தெரியும்டா. அதுக்குத்தான் வந்தேன்."

"எதுக்கு?"

"ரிஜிஸ்தர்ல என் பேருக்கு நேரா லீவுன்னு எழுதணும் இல்ல? இருபத்தாறு வருஷமா அந்தக் கட்டத்துல என் கையெழுத்துத்தான் இருக்குது. வேற எவனோ வந்து கிறுக்குறதா? நானே எழுதிட்டுப் போயிடலாம்னு வந்தேன்." வருகைப் பதிவேட்டைக் காட்டினார். 'விடுப்பு' என்று அழகாக எழுதி, அதன் கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். வந்ததற்கும் வராததற்கும் ஒரே கையெழுத்து.

"சரி, எழுதியாச்சு இல்ல?"

"எழுதிட்டுத் திரும்பினேன், கன்னியம்மாள் சேலை எடுத்துகினு நிக்குது. சேவூர்லேருந்து நடந்தே வந்திருக்குது. இந்த ஒண்ணுதான்."

சுவரோரம் கன்னியம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்னும் மூன்று பேர், மடியில் சேலை மூட்டையோடு. ஒருவர் வேலை செய்கிறார் என்று தெரிந்தால் நான்கு பேர் வந்து உட்காருவது எந்த ஊரிலும் உண்டு.

"பஸ் எத்தனை மணிக்கு சார்?"

"பத்துக்கு. அவ பானையெல்லாம் எடுத்துகினு பஸ் ஸ்டாண்டுல குந்தியிருக்கா. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை கொண்டாந்து உட்டுட்டுப் போயிருக்குது. இதோ, முந்தி மட்டும் பாத்துட்டா ஆச்சு."

நான் அந்தச் சேலையை அவர் கையிலிருந்து பிடுங்கியிருக்க வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. பதினைந்து வருஷமாக அவரைச் சார் என்று கூப்பிட்டவன். கடிகாரத்தைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், வழக்கம் போலப் பேரேட்டைப் பார்த்தேன்.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். லீலா ஓடிவந்தாள். மூச்சு இரைத்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்தடவையாகப் பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தாள்.

சிவப்பிரகாசம் சார் கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாம்மா, கடிகாரம் நின்னுபோச்சா?"

"சார், பஸ் ஸ்டாண்டுல அம்மா இன்னா பண்ணிகினு இருக்காங்க தெரியுமா?"

"குந்தியிருப்பா."

"வெள்ளைச் சட்டை போட்டுகினு வர ஒவ்வொரு ஆம்பளையையும் 'வந்துட்டீங்களா, வந்துட்டீங்களா'ன்னு கேட்டுகினு இருக்காங்க. ஒருத்தன் சிரிச்சுட்டுப் போறான் சார்."

அவருடைய விரல் சேலையின் நடுவில் நின்றுவிட்டது. அங்கே இழை எதுவும் விட்டிருக்கவில்லை.

கன்னியம்மாள்தான் முதலில் எழுந்தாள். "ஐயா, நான் இன்னைக்கெல்லாம் குந்தியிருக்கேன். நீ ஜல்தி ஓடு சாமி" என்றாள். மற்ற மூன்று பேரும் எழுந்து வழிவிட்டார்கள். அவர் வாசல் வரை போனார். திரும்பி வந்தார். "லீலா, இந்தச் சேலைல முந்திக்கு ரெண்டு முழம் கீழ கரையில..."

"சார்!" என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம்.

என் சைக்கிள் கேரியரில் அவரை உட்கார வைத்து மிதித்தேன். புது வேட்டி செயினில் மாட்டாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மெதுவாடா, மெதுவாடா" என்றும், "ஜல்தி போடா" என்றும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். பத்து அடித்து ஏழு நிமிஷம். படவேடு பஸ் நின்றுகொண்டிருந்தது. டயர் பஞ்சர், இப்போதுதான் மாட்டினோம் என்று டிரைவர் சொன்னார். அவர் சொன்னது அவருக்குத் தெரிந்த காரணம். பதினெட்டு வருஷம் காத்திருந்த படவேட்டு அம்மன் பத்து நிமிஷம் பஸ்ஸைப் பிடித்து வைத்தாள் என்பது என் நம்பிக்கை.

பஸ்ஸில் ஏறாமல் படியருகே பானையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தார் ரேணுகாம்பாள். சைக்கிளிலிருந்து முதலில் இறங்கியது சார்தான். ஆனால் அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "வந்துட்டீங்களா?" என்றார்.

"இங்க பாரு. நான் இங்க இருக்கேன்" என்று சிவப்பிரகாசம் சார் அவர் கையைப் பிடித்தார். நடு பஸ் ஸ்டாண்டில், பட்டப் பகலில். பானையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். நான் சைக்கிள் மணியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு லீலா பேனாவை மூடினாள். பையை எடுத்தாள். வாசல் வரை போனாள். சாலையை இரண்டு பக்கமும் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். "என்னம்மா, அஞ்சு மணிக்கு மேல ஆள் இருக்காதுன்னியே?" என்றேன். "நான் வேலை பாக்கல சார். சும்மா உக்காந்துகினு இருக்கேன்" என்றாள். ஐந்தரைக்கு முள்ளிப்பட்டு ரங்கசாமி சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

மறுநாள் சிவப்பிரகாசம் சார் வழக்கம் போல ஒன்பதுக்கு வந்துவிட்டார். எங்களுக்குக் குங்குமமும் பொங்கலும் வைத்திருந்தார். பத்து மணிக்கு லீலா வரவில்லை. பத்தே முக்காலுக்கு வந்தாள்.

"நேத்து முக்கால் மணி அதிகம் இருந்தேன் சார். இன்னைக்கு முக்கால் மணி கம்மி."

"இது இன்னாம்மா கணக்கு?" என்று அவர் எகிறினார். ஆனால் அவளுக்கு எடுத்து வைத்திருந்த பொங்கல் இலையைத் தள்ளிக் கொடுத்தபடியேதான் எகிறினார்.

"அம்மா சாமி பாத்தாங்களா சார்?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சன்னிதில நின்னா, வெளக்கு மட்டும் தெரியுதுன்னா. எப்படி இருக்கா, சொல்லுங்கன்னா. எனக்கு இன்னா சொல்லத் தெரியும்? சேலையைத்தான் சொன்னேன். அரக்குல பச்சைக் கரை. ஒரு சாண் ஜரிகை. முந்தில அன்னம். மூக்குத்தி அந்தப் பச்சைக்கு எதிரா எப்படி மின்னுதுன்னு சொன்னேன். அவ கண்ணை மூடிகினே கேட்டா. தெரியுது, இப்ப நல்லாத் தெரியுதுன்னா."

லீலா பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அதோட நிறுத்தியிருக்கலாம். கரையில ஒரு எடத்துல இழை விட்டிருக்குதுன்னும் சொல்லிட்டேன். சன்னிதியிலயே சிரிச்சுட்டா. அம்மாளுக்கு முன்னாடியும் ஆபீஸ் வேலையான்னு. பூசாரி திரும்பிப் பாக்கிறாரு."

தை மாதம் புரை முத்திவிட்டது என்று வேலூர் டாக்டர் சொன்னார். சிவப்பிரகாசம் சார் எட்டு நாள் லீவு எழுதினார். இந்தத் தடவை லீலாவிடம் கேட்கவில்லை. ஒரே வரி. 'சொந்த வேலை காரணமாக' என்று இருந்தது. செயலாளர் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

லீவின் முதல் நாள் காலை நான் ஒன்பதேகாலுக்கே போய்விட்டேன். லீலாவும் ஒன்பதரைக்கு வந்தாள். ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் என்னைக் கேட்கவில்லை. ஊதுபத்தியை அவள் கொளுத்தினாள். பதிவேட்டை நடுவில் திறந்து வைத்துக்கொண்டு, அந்தக் காலியான கட்டத்தை எழுத அவர் எந்த நிமிஷமும் வந்துவிடுவார் என்று இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்து மணி அடித்தது. அவர் வரவில்லை.